கனடாவில் இடம் இருக்கிறதா?

கனடாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு எண்களில் தொடங்கும். பரப்பளவு 99.8 லட்சம் சதுர கிலோமீட்டர். ரஷ்யாவுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பெரிய நாடு. மக்கள்தொகை சுமார் 4.15 கோடி, தமிழ்நாட்டில் வாழ்பவர்களில் பாதியைவிடச் சற்றே அதிகம். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேருக்குச் சற்று மேல்தான். ‘இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, இன்னும் எத்தனை கோடிப் பேர் வேண்டுமானாலும் குடியேறலாமே’ என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. 2100-க்குள் மக்கள்தொகையை 10 கோடியாக உயர்த்த வேண்டும் என்று வாதிடும் ‘செஞ்சுரி இனிஷியேட்டிவ்’ போன்ற அமைப்பே அந்த நாட்டில் இருக்கிறது. ஆனால், கடந்த சில ஆண்டுகளாக டொராண்டோவிலும் வான்கூவரிலும் வாடகை கட்ட முடியாமல் திணறுகிறவர்கள் ‘நாடு நிரம்பிவிட்டது, கதவைச் சாத்துங்கள்’ என்கிறார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு குரல்களும் ஒரே தவறான இடத்திலிருந்து கிளம்புகின்றன. ஒரு நாடு எத்தனை பேரைத் தாங்கும் என்பதை நிலம்தான் முடிவுசெய்கிறது என்று இரண்டுமே நம்புகின்றன. வடக்கு நாடுகளின் உண்மை வேறு. அங்கே நிலம் தானாக யாரையும் தாங்குவதில்லை. ரயில் பாதை, தண்ணீர்க் குழாய், மருத்துவமனை, அவற்றுக்கான செலவை யார் ஏற்பது என்ற ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு இடத்தை வாழும் இடமாக்குகின்றன. கனடா இதை நினைவில் வைத்திருந்த காலங்களில் வென்றிருக்கிறது. மறந்த காலங்களில் எல்லாம் இடறியிருக்கிறது.

பாறையும் பனியும்

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 9 சதவீதம் நன்னீர் ஏரிகளும் ஆறுகளும்தான். ஹட்சன் விரிகுடாவைக் குதிரை லாட வடிவில் சூழ்ந்து, நாட்டின் பாதியளவுக்குப் பரவிக் கிடக்கிறது கனடியக் கேடயம் என்னும் தொல்பாறை நிலம். பனியுகத்தில் பனிப்பாளங்கள் நகர்ந்தபோது அதன் மேல்மண்ணைச் சுரண்டித் தெற்கே கொண்டுபோய்விட்டன. சட்பரியில் நிக்கலும் டிம்மின்ஸில் தங்கமும் தருகிற அந்தப் பாறை, நெல்லோ கோதுமையோ விளைய மண் தராது. வடக்கே போனால் ஆண்டு முழுவதும் உருகாத உறைமண். மேற்கே ராக்கி மலைத்தொடர். இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் வேளாண்மைக்கு ஏற்ற நிலம் மொத்தப் பரப்பில் 7 சதவீத அளவுக்குத்தான் தேறுகிறது. மக்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டார்கள். 2016 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வாழ்ந்தார்கள். அந்தப் பட்டை நாட்டின் பரப்பில் 4 சதவீதம் மட்டுமே. விண்ட்சரில் தொடங்கி டொராண்டோ, மான்ட்ரியல் வழியாகக் கியூபெக் நகரம் வரை நீளும் ஒரே வழித்தடத்தில் நாட்டு மக்களில் பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். இன்னொரு முனையில் நுனாவுட் ஆட்சிப்பகுதி. நிலமும் நீருமாகச் சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தவர்கள் 36,858 பேர். சராசரி என்ற ஒற்றை எண் இந்த இரண்டு உலகங்களையும் ஒன்றாகக் கலந்து, எங்குமே இல்லாத ஒரு நாட்டைக் காட்டுகிறது.

தட்பவெப்பமும் வரைபடத்தைப் பார்த்து ஊகிக்கக்கூடியது அன்று. டொராண்டோ இருக்கும் அட்சரேகையில்தான் பிரான்ஸின் தெற்குக் கடற்கரை நகரமான நீஸ் இருக்கிறது. வின்னிபெக், லண்டனைவிடத் தெற்கே உள்ள நகரம். ஆனால் அதன் ஜனவரிச் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரியை ஒட்டியது. அட்லான்டிக் கடலின் வெதுவெதுப்பை மேலைக்காற்று ஐரோப்பாவுக்குள் கொண்டுசேர்க்கிறது. கனடாவிலோ பசிபிக் கடலின் ஈரக் காற்றை ராக்கி மலை தடுத்துவிடுகிறது. ஆர்க்டிக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் தடுக்கச் சமவெளியில் ஒரு குன்றும் இல்லை. யூகானில் உள்ள ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பிப்ரவரியில் மைனஸ் 63 டிகிரி பதிவானது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் ஊரில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி கொளுத்தியது. மறுநாளே காட்டுத்தீயில் அந்த ஊர் எரிந்துபோனது. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு குடும்பம் குடியேற வேண்டுமானால் கூரை மட்டும் போதாது. வின்னிபெக்கில் குழாய் உறையாமல் இருக்க இரண்டு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் பதிக்க வேண்டும். நுனாவுட்டின் பல வீடுகளுக்கு இன்றும் லாரியில்தான் தண்ணீர் வருகிறது; அங்குள்ள ஊர்களில் மின்சாரம் டீசலில் தயாராகிறது; அந்த டீசலும் கோடையில் கடல்பனி விலகும்போது கப்பலில் வந்து சேர வேண்டும். ஆட்சிப்பகுதியின் 25 ஊர்களைத் தெற்கோடு இணைக்கும் சாலை எதுவும் கிடையாது. வெப்ப நாட்டில் ஒருவருக்கு ஆகும் அடிப்படைச் செலவை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.

நிலத்தை நம்பிக் கெட்ட கதைகள்

நிலம் இருந்தால் போதும் என்று நம்பிய கொள்கைகள் என்ன ஆயின என்பதற்கு கனடாவின் வரலாறே சாட்சி. மேற்குச் சமவெளியில் மக்களைக் குடியமர்த்த 1872-ல் ஒரு சட்டம் வந்தது. பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர். அதற்கு முன்பே, 1857 முதல் 1860 வரை அந்த நிலத்தை ஆராய்ந்த ஜான் பாலிசர், தென்பகுதியில் ஒரு பெரிய முக்கோணம் உழவுக்கு ஏற்காத வறண்ட நிலம் என்று எழுதிவைத்திருந்தார். சில ஆண்டுகள் மழை நன்றாகப் பெய்ததும் அந்த எச்சரிக்கை மறக்கப்பட்டது. நிலம் கூறுபோட்டுக் கொடுக்கப்பட்டது. 1930-களின் வறட்சியில் அதே முக்கோணம் புழுதியாகப் பறந்தது. 1931-ல் 9.21 லட்சமாக இருந்த சஸ்காட்சவான் மாகாண மக்கள்தொகை, இருபது ஆண்டுகள் கழித்து 8.31 லட்சமாகச் சுருங்கியிருந்தது. ஒண்டாரியோவின் வடக்கே உள்ள களிமண் பட்டையிலும் இதே கதை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களைக் கபுஸ்கேசிங் அருகே குடியமர்த்தினார்கள். பயிர் வளரும் பருவம் குறுகியது, சந்தை தொலைவில், குளிர் தாளமுடியாதது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். மண் வளமாக இருந்தும் மனிதர்கள் நிற்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இவற்றைவிடக் கொடிய உதாரணம் 1953-ல் நடந்தது. வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கில் வாழ்ந்த இனுயிட் குடும்பங்களை மத்திய அரசு ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே, ரெசல்யூட், கிரைஸ் ஃபியர்ட் ஆகிய இடங்களில் கொண்டுபோய் இறக்கியது. வேட்டை நன்றாக இருக்கும் என்று சொல்லப்பட்டது. ஆளில்லாத தீவுகளில் தன் கொடியை நிலைநாட்ட அரசு தங்களை மனிதக் கொடிக்கம்பங்களாக்கியது என்பது அந்த மக்களின் குற்றச்சாட்டு. அறிமுகமில்லாத நிலம், மாதக்கணக்கில் நீளும் இருள், போதாத உணவு, திரும்பிப் போகலாம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத அதிகாரிகள் ஆகியவற்றுக்கு நடுவே அவர்கள் தவித்தார்கள். 2010-ல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. வடக்கை ‘வெற்றிடம்’ என்று பார்க்கிற மனம் இரண்டு பிழைகளைச் சேர்த்தே செய்கிறது. அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களை அது பார்ப்பதில்லை. புதிதாக அனுப்பப்படுகிறவர்களுக்கு என்ன தேவை என்பதையும் அது கேட்பதில்லை. 2021 கணக்கின்படி கனடாவில் பழங்குடி மக்கள் 18 லட்சம் பேர், மொத்தத்தில் 5 சதவீதம். வரைபடத்தில் காலியாகத் தெரியும் நிலத்தின் பெரும்பகுதி அவர்களது ஒப்பந்தங்களுக்கும் உரிமை வழக்குகளுக்கும் உட்பட்டது. 2014-ல் சில்கோட்டின் பழங்குடி மக்களின் நிலவுரிமையை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த பிறகு, ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்ற பேச்சுக்குச் சட்டத்திலும் இடமில்லை.

ஏற்பாடுகள் வென்ற கதைகள்

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. 1867 ஜூலை 1 அன்று நான்கு மாகாணங்களோடு தொடங்கிய கூட்டாட்சி, தொலைவு என்ற சிக்கலுக்கு அரசியல் கண்டுபிடித்த விடை. 1871-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சேர்ந்தது, பத்தாண்டுகளுக்குள் ரயில் பாதை அமைப்பதைத் தொடங்கி முடிப்போம் என்ற வாக்குறுதியை நம்பித்தான். தாமதமானாலும் 1885 நவம்பரில் கிரைகெலாக்கியில் கடைசி ஆணி அறையப்பட்டது. நாடு கடலுக்குக் கடல் இணைந்தது. அந்தப் பாதை போடப் பல்லாயிரம் சீனத் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிந்து, வேலை முடிந்த ஆண்டிலேயே சீனர்கள் மீது தலைவரி விதித்தது கறுப்புப் பக்கம்தான். ஆனாலும் பாதை முன்னே போனது, ஊர்கள் பின்னே வந்தன என்ற வரிசைமுறை மறுக்க முடியாதது. 1957-ல் தொடங்கிய சமன்படுத்தும் நிதித் திட்டம், வருவாய் குறைந்த மாகாணத்தில் பிறந்த குழந்தைக்கும் ஏறக்குறைய அதே தரத்தில் பள்ளியும் மருத்துவமும் கிடைக்க வழிசெய்தது. 1982 அரசமைப்புச் சட்டத்தின் 36-வது பிரிவு அதை ஒரு கடப்பாடாகவே எழுதிவைத்தது. 1962-ல் சஸ்காட்சவான் மாகாணம் தனியே தொடங்கிய மருத்துவக் காப்பீடு, 1966-ன் மத்தியச் சட்டத்தின் வழியாக நாடு முழுவதும் பரவியது. 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் உருவானபோது இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக உள்ள பகுதி தன் சட்டமன்றத்தைப் பெற்றது. கட்சிகளே இல்லாமல் கருத்தொற்றுமையில் இயங்கும் மன்றம் அது. பரப்பில் ஒரு கண்டத்தை ஒத்த நாட்டை ஒரே தலைநகரிலிருந்து ஆள முடியாது என்ற தெளிவு இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அதே கூட்டாட்சியில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. கடந்த பத்தாண்டு நெருக்கடியின் வேர் அதில்தான் இருக்கிறது. அரசமைப்பின் 95-வது பிரிவின்படி குடியேற்றம் இரு அரசுகளுக்கும் பொதுவான அதிகாரம் என்றாலும், முரண்பாடு வந்தால் மத்தியச் சட்டமே நிற்கும். கியூபெக் மட்டும் 1991 உடன்பாட்டின் மூலம் தனக்கான குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றிருக்கிறது. மற்றபடி எத்தனை பேர் வரலாம் என்பதை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு தீர்மானிக்கிறது. வந்தவர்களுக்கு மருத்துவமும் கல்வியும் தர வேண்டியது மாகாணம். வீட்டுக்கு அனுமதி, குடிநீர், கழிவுநீர், பேருந்து எல்லாம் நகராட்சியின் தலையில். நகராட்சிக்கோ அரசமைப்பில் தனி அதிகாரம் கிடையாது. மாகாணம் நினைத்தால் அதன் எல்லையையே மாற்றி எழுதலாம். முடிவெடுப்பவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர், கட்டித்தருபவர் மூன்றாமவர். ஆள் குறைவாக வந்த காலத்தில் இந்தப் பிளவு வெளியே தெரியவில்லை. 2023-ல் ஒரே ஆண்டில் மக்கள்தொகை 12.7 லட்சம் கூடியது. 3.2 சதவீதம் என்ற அந்த வளர்ச்சி 1957-க்குப் பிறகு காணாதது. அதில் ஏறத்தாழ 98 சதவீதம் குடிவரவால் வந்தது. அப்போது பிளவு பட்டவர்த்தனமாகிவிட்டது.

வெளிநாட்டு மாணவர்கள் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் பொறிமுறை புரியும். 2019-ல் ஒண்டாரியோ அரசு உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு அதே மட்டத்தில் நிறுத்திவைத்தது. வருவாய் இழந்த கல்லூரிகள், பல மடங்கு கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களை நாடின. அவர்களில் பெரும் பங்கினர் இந்தியர்கள். சேர்க்கைக் கடிதம் தருவது மாகாணத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி. விசா தருவது ஒட்டாவா. மாணவர் தங்கப் போவது நகராட்சியின் எல்லைக்குள் யாரோ ஒருவரின் தரைத்தள அறையில். 2023 இறுதியில் கல்வி அனுமதி வைத்திருந்தவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். அத்தனை பேருக்கும் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய பொறுப்பு எந்த அலுவலகத்திடமும் இல்லை. 2024 ஜனவரியில் உச்சவரம்பு விதித்து, அதே ஆண்டு அக்டோபரில் நிரந்தரக் குடியேற்ற இலக்கையும் 5 லட்சத்திலிருந்து 3.95 லட்சமாக ஒட்டாவா குறைத்தது. அதன் பின் ஒண்டாரியோ கல்லூரிகளில் பாடப்பிரிவுகள் மூடப்பட்டன. ஊழியர்கள் வேலை இழந்தார்கள். எண்ணிக்கையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூன்று அடுக்கு அரசுகளும் ஒன்றோடொன்று கலந்து பேசவில்லை.

வீட்டு நெருக்கடியிலும் நிலத்துக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் அடமானக் கடன், வீட்டுவசதி நிறுவனம் 2022-ல் போட்ட கணக்கின்படி, வீடு மீண்டும் கட்டுப்படியாகும் விலைக்கு வர வேண்டுமானால் வழக்கமாகக் கட்டுவதற்கு மேல் கூடுதலாக 35 லட்சம் வீடுகள் 2030-க்குள் தேவை. ஆண்டுக்குத் தொடங்கப்படுவதோ சுமார் 2.4 லட்சம் வீடுகள். தடை எங்கே என்றால், பல பத்தாண்டுகளாக டொராண்டோவின் குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலானவை தனி வீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு மனையில் நான்கு குடித்தனம் கட்டலாம் என்று நகர மன்றம் அனுமதித்ததே 2023 மே மாதம்தான். உள்ளே உயரமாகக் கட்ட மனமில்லாத அரசு வெளியே பரவப் பார்த்தது. டொராண்டோவைச் சுற்றி 2005-ல் பாதுகாக்கப்பட்ட பசுமைப் பட்டையிலிருந்து 2022-ல் நிலத்தை எடுத்து வீடு கட்ட ஒண்டாரியோ அரசு முயன்றது. நிலத்தைத் தேர்ந்தெடுத்த விதம் சில கட்டுமான நிறுவனங்களுக்குச் சாதகமாக இருந்தது என்று தணிக்கை அதிகாரி அறிக்கை கொடுத்ததும், 2023 செப்டம்பரில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. கனடாவின் முதல் தர வேளாண் நிலத்தில் பாதிக்கு மேல் இருப்பது தெற்கு ஒண்டாரியோவில். மக்கள் நெருங்கி வாழும் இடமும் நல்ல மண் உள்ள இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்ட நாட்டில், பரந்து விரிவது என்றால் சோற்றுக்கான மண்ணைச் சிமென்டால் மூடுவது என்று பொருள்.

மறுப்புகளும் பதில்களும்

‘இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? வந்தவர்கள் அதிகம், அவ்வளவுதான்’ என்று சொல்லலாம். அதில் பாதி உண்மை. 2022, 2023-ன் வேகம் எந்த நகரத்தாலும் செரிக்க முடியாதது, குறைத்தது சரியே. குறைத்த பிறகு 2025-ல் வாடகை ஓரளவு தணிந்ததும் உண்மை. ஆனால், பெருந்தொற்றின்போது எல்லைகள் மூடப்பட்டு 2020-ல் மக்கள்தொகை வளர்ச்சி 0.4 சதவீதமாகச் சரிந்தது. அதே காலத்தில்தான் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. மத்திய வங்கியின் வட்டி விகிதம் 0.25 சதவீதத்தில் கிடந்தது. ஆள் வராதபோதும் விலை ஏறியது என்றால் நோய் ஆள் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இன்னொரு பக்கம், கனடாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.26 குழந்தைகள்தான் பிறக்கின்றன என்று 2023-ன் கணக்கு சொல்கிறது. முதியவர்கள் பெருகி, உழைப்பவர்கள் குறையும் நாடு கதவை முழுக்கச் சாத்தினால், மருத்துவமனையில் செவிலியரும் கட்டுமானத் தளத்தில் தச்சரும் கிடைக்க மாட்டார்கள். நெருக்கடியைத் தீர்க்க வேண்டிய கைகளையே வெளியே நிறுத்துவதில் அர்த்தமில்லை.

‘பூமி சூடாகிறது, வடக்கு திறந்துகொள்ளும்’ என்பது அடுத்த வாதம். சூடாவது உண்மை. 1948 முதல் 2016 வரை கனடாவின் சராசரி வெப்பநிலை 1.7 டிகிரி உயர்ந்தது, வடக்கில் 2.3 டிகிரி. உலகச் சராசரியைப் போல இரு மடங்கு வேகம் இது. ஆனால் குளிர் விலகினால் பாறை மீது மண் வந்து படிந்துவிடாது. உறைமண் இளகினால் அதன் மேல் நிற்கும் வீடும் ஓடுபாதையும் சாலையும் உட்காரும். வடக்குச் சுரங்கங்களுக்குச் சரக்கு போவது உறைந்த ஏரிகள் மீது போடும் குளிர்காலச் சாலைகளில். வெப்பம் கூடினால் அந்தச் சாலைகள் திறந்திருக்கும் நாட்கள் குறையும். 2017 மே மாதம் வெள்ளம் அரித்ததில் ஹட்சன் விரிகுடாவின் சர்ச்சில் துறைமுகத்துக்குப் போகும் ஒரே ரயில் பாதை ஓராண்டுக்கு மேல் துண்டிக்கப்பட்டது. அவ்வூருக்குச் சாலையே கிடையாது. 2023-ல் நாடெங்கும் காட்டுத்தீயில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். வடமேற்கு ஆட்சிப்பகுதியின் தலைநகரான யெல்லோநைஃப் ஊரையே காலி செய்ய நேர்ந்தது. வெப்பமயமாதல் வடக்குக்குத் தரும் முதல் பரிசு செலவுதான்.

‘ரஷ்யா சைபீரியாவில் நகரங்களை எழுப்பவில்லையா?’ என்பது மூன்றாவது கேள்வி. எழுப்பியது, கட்டாய உழைப்பு முகாம்களாலும் பிறகு கூடுதல் சம்பளத்தாலும் எழுப்பியது. சோவியத் ஒன்றியம் சரிந்து மானியம் நின்றதும் என்ன நடந்தது? ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுக்கோட்காவில் 1989-ல் 1.64 லட்சம் பேர் இருந்தார்கள். 2002-ல் எஞ்சியவர்கள் 54 ஆயிரம். கனடாவிலும் நாட்டின் நடுப்பகுதியில் நகரங்களை வரிசையாக அமைக்கலாம் என்று 1960-களின் இறுதியில் வழக்கறிஞர் ரிச்சர்ட் ரோமர் ஒரு பெருந்திட்டத்தை முன்வைத்தார். மாநாடுகள் நடந்தன, அரசு கையில் எடுக்கவில்லை. பிற்காலத்தில் வடமேற்கில் வைரச் சுரங்கங்கள் திறந்தபோது யாரும் ஊர் கட்டவில்லை. தொழிலாளர்களை விமானத்தில் கொண்டுபோய், முறை முடிந்ததும் திருப்பி அனுப்புகிறார்கள். வடக்குக்குத் தேவை புதுக் கூட்டம் அன்று. அங்கே ஏற்கெனவே இருக்கிற ஊர்களின் மக்களுக்கு நல்ல தண்ணீரும் கட்டுப்படியாகும் உணவும் போதுமான வீடுகளும் வேண்டும்.

‘அப்படியானால் எல்லா அதிகாரத்தையும் ஒட்டாவாவிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே?’ என்றும் கேட்கலாம். கனடாவில் இது நெருப்போடு விளையாடுவது. 1995 வாக்கெடுப்பில் கியூபெக் பிரிந்துபோகாமல் நின்றது 50.58-க்கு 49.42 என்ற மயிரிழையில். எண்ணெய் வளம் தன் உரிமை என்பதில் அல்பெர்ட்டா இம்மியும் விட்டுக்கொடுக்காது. மாகாணங்களின் தன்னாட்சியே இந்த நாட்டை ஒன்றாக வைத்திருக்கிறது. அதைக் குறைத்து ஒருங்கிணைப்பைப் பெற முடியாது. மாகாணங்களை முடிவெடுக்கும் மேசையில் உட்காரவைப்பதுதான் வழி.

தமிழர்களுக்கு இந்த வாதத்தில் நேரடித் தொடர்பு உண்டு. 1986 ஆகஸ்டில் 155 ஈழத் தமிழ் அகதிகள் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையோரம் மீட்கப்பட்டார்கள். அந்த மாகாணத்தில் நிலத்துக்கு என்ன குறை? ஆனாலும் அவர்கள் போய்ச் சேர்ந்தது மான்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும்தான். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் வந்த பெருந்திரளும் டொராண்டோவின் ஸ்காபரோ பகுதி அடுக்குமாடிகளில் வேரூன்றியது. வாடகைக்கு வீடு, பேருந்து, தொழிற்சாலை வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, உறவினர்களின் துணை எல்லாம் அங்கே கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அந்தச் சமூகத்திலிருந்து வந்த கரி ஆனந்தசங்கரி 2025-ல் நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அகதியாக வந்தவர்களை ஒரு தலைமுறைக்குள் அமைச்சரவை வரை உயர்த்தியவை அந்த நகரத்து ஏற்பாடுகள். இன்று கடன் வாங்கிப் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்ப நினைக்கும் குடும்பங்களும் கேட்க வேண்டியது அந்த நாடு எவ்வளவு பெரியது என்பதை அன்று. எந்த நகரம், அங்கே அறை வாடகை என்ன, அந்தக் கல்லூரிப் படிப்புக்குப் பின் வேலை அனுமதி உண்டா என்பதைத்தான்.

தீர்வுக்குப் புது அரசமைப்பு எதுவும் வேண்டாம். குடியேற்றச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1-க்குள் அடுத்த ஆண்டுக்கான இலக்கை அமைச்சர் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். இன்று அந்த அறிக்கையின் மையமாக இருப்பது வருபவர்களின் எண்ணிக்கை. அதே அறிக்கையில் ஒவ்வொரு மாகாணமும் அந்த ஆண்டில் கட்டி முடிக்கப்போகும் வீடுகள், சேர்க்கப்போகும் மருத்துவர்கள், திறக்கப்போகும் வகுப்பறைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையும் மாகாண அரசின் ஒப்புதலோடு இடம்பெறட்டும். கூடுதலாக ஆட்களை ஏற்கும் நகரங்களுக்கு மத்திய நிதி நேராகவும் முன்கூட்டியேயும் போய்ச் சேரட்டும். ஏற்பாடு கூடினால் இலக்கும் கூடலாம். ஏற்பாடு தவறினால் இலக்கு குறைய வேண்டும். கியூபெக்குக்கு 1991-லேயே தனி உடன்பாடு சாத்தியமானது என்றால், மற்ற ஒன்பது மாகாணங்களோடும் ஒரு பொறுப்புப் பங்கீடு சாத்தியமாகாமல் போகாது. 10 கோடி வேண்டும் என்பவர்களும் இனி ஒருவர்கூட வேண்டாம் என்பவர்களும் அப்போது சதுர கிலோமீட்டரை விட்டுவிட்டு, எத்தனை வீடுகள் எழும்பின என்ற கேள்வியில் வாதிட வேண்டியிருக்கும். விடை காணக்கூடிய வாதம் அதுதான்.